மூலைக்கு ஒரு சிவப்புத் தடி

வில்லங்கம் சிவலட்சுமி நகத்துக்குப் பூசும் கியூட்டெக்ஸ் போத்தலிலிருந்துதான் கிளம்பியது. அதற்காக அதைச் சிவலட்சுமியின் தலையில் கட்டிவிட்டுத் தப்ப முடியாது என்பது தர்மிளாவுக்குத் தெரியும். "மூலையில ஒரு சிவப்புப் பொட்டு வையுங்கோ அக்கா. எங்கை தொடங்கினனாங்கள் எண்டு தெரியவேணும்" என்று உத்தரவு போட்டது அவள்தான். போட்டபோது கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது. பெருமை தனியாக வராது, பின்னால் எதையாவது இழுத்துக்கொண்டுதான் வரும்.

கிளிநொச்சியில், பரந்தன் பக்கமாகப் போகும் வீதியில், ஒரு காலத்தில் நெல் மூட்டை அடுக்கிய கட்டடத்தில் அவர்களுடைய வேலை நடக்கிறது. என்ன வேலை என்று கேட்பவர்களுக்கு "சிப்பைப் பிரிச்சுப் பாக்கிற வேலை" என்பாள் தர்மிளா. "போன் திருத்திறதோ?" என்று அடுத்த கேள்வி வரும். இல்லை இல்லை என்று சொல்லி வாய் உளைந்ததுதான் மிச்சம். இப்போதெல்லாம் பஸ்ஸில் யாராவது கேட்டால் "ஓம், போன்தான்" என்று சொல்லிவிட்டு யன்னலால் வெளியே பார்க்கத் தொடங்கிவிடுவாள்.

உண்மையில் அது வேறு வேலை. போன், தண்ணீர்ப் பம்பி, ஆஸ்பத்திரி மெஷின் எதைத் திறந்தாலும் உள்ளே கறுப்புப் பூச்சி மாதிரி ஒட்டிக்கொண்டிருக்கும் சிப்பை எடுத்து அசிட்டில் போட்டால், கறுப்பு மேலங்கி கரைந்து பயற்றம் பருப்பளவு மினுக்கம் ஒன்று மிஞ்சும். அதற்குள் கம்பிகள் தட்டுத் தட்டாக ஓடுகின்றன. தலைமயிரை நீளவாக்கில் கிழித்தாலும் அந்தக் கம்பியின் மெல்லிசு வராது. மேல் தட்டை நுணுக்குக்காட்டியில் வைத்துச் சதுரம் சதுரமாகப் படம் எடுக்க வேண்டும். பிறகு அந்தத் தட்டை அசிட் விட்டுத் தேய்த்துப் போக்கிவிட்டு அடுத்த தட்டைப் படம் எடுக்க வேண்டும். கடைசியில் கையில் சிப் இருக்காது, படங்கள்தான் இருக்கும். அந்தப் படங்களில் ஒவ்வொரு கம்பியும் எங்கே தொடங்கி எங்கே போய் முடிகிறது என்று பிடித்து, சிப் என்ன செய்கிறது என்று சொல்ல வேண்டும்.

செய்தவனையே கேட்டால் போதாதா என்று தர்மிளாவும் ஆரம்பத்தில் கேட்டாள்தான். ஒரு நாட்டில் படம் கீறி, இன்னொரு நாட்டில் செய்து, மூன்றாம் நாட்டில் பெட்டியில் அடைத்து வருகிற சாமானுக்குள், வழியில் யார் எதைப் புதைத்தார்கள் என்று செய்தவனுக்கே தெரியாது என்றாள் அந்த இடத்தை நடத்தும் கஜேந்தினி. 'புதைத்தார்கள்' என்ற சொல் காதில் விழுந்ததும் தர்மிளா கதிரையை இழுத்துப்போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். அந்தச் சொல்லோடு அவளுக்கு நெடுநாள் பழக்கம்.

தர்மிளாவும் அவளுடைய பெண்களும் மிதிவெடி எடுத்தவர்கள். முழங்காலில் குந்தி, முகத்துக்குக் கண்ணாடி மறைப்புப் போட்டு, வன்னி மண்ணைக் கரண்டியால் சுரண்டிச் சுரண்டி முன்னேறியவர்கள். அந்த வேலையில் சட்டம் ஒன்றுதான். பார்க்காத நிலத்தின் எல்லையில் சிவப்புத் தடி, பார்த்து முடித்த நிலத்தில் வெள்ளைத் தடி. சிவப்பைத் தாண்டி ஒரு கோழியைக்கூட விடக்கூடாது. காணியைச் சொந்தக்காரரிடம் கையளிக்கும் நாளில் எடுத்தவர்களே முதலில் அதில் நடந்து காட்டுவார்கள். தர்மிளா செருப்பைக் கழற்றிவிட்டு நடப்பாள். அவளுக்குப் பின்னால்தான் சொந்தக்காரர் வருவார்.

அவர்களுடைய அணிக்கு வெளிநாட்டு உதவி நின்றுபோனபோது, எல்லாரும் கார்மென்ட்ஸுக்குப் போவதா கடல் கடந்து போவதா என்று கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்த நேரத்தில்தான் ஸ்கந்தபுரத்துப் பிள்ளை கஜேந்தினி தேடி வந்தாள். இஞ்சினியர். சிங்கப்பூரில் இதே வேலை செய்துவிட்டு, அங்கே செய்வதை இங்கே செய்தால் என்ன குறைந்துவிடும் என்று திரும்பி வந்தவள். "படிப்பு இருக்கோ எண்டு நான் கேக்கேல்லை அக்கா. ஒரு சதுரத்தை முடிக்காமல் அடுத்த சதுரத்துக்குப் போகாத ஆக்கள் எனக்கு வேணும். அது உங்களை விட்டால் எனக்கு ஆர்?" என்றாள். அந்த ஒரு வார்த்தைக்காகவே தர்மிளா மற்ற ஒன்பது பேரையும் தன் பொறுப்பில் கூட்டிக்கொண்டு வந்தாள். தர்மபுரத்தில் அவளுடைய தகப்பன் பொன்னையா, "காட்டை வெட்டினம், மண்ணைக் கிண்டினம், இனி என்னத்தையடி கிண்டப் போறாய்?" என்று கேட்டார். மலையகத்தில் கலவரத்தில் அடிபட்டு, உடுத்த உடுப்போடு இங்கே வந்து காடு வெட்டிக் குடியேறிய மனிதர் அவர். கேட்பதற்கு உரிமை உண்டு.

வேலையைப் பழகியபின் படத்திலும் அவர்கள் தடி நட்டார்கள். பார்க்காத சதுரத்துக்குச் சிவப்பு, இரண்டு பேர் பார்த்து ஒத்துக்கொண்ட சதுரத்துக்கு வெள்ளை. கஜேந்தினி எழுதிய மென்பொருளும் கூடவே பார்க்கும். பத்துப் பெண்கள் ஒரு கிழமை குந்தியிருந்து பிடிக்கிற கம்பிகளை அது தேத்தண்ணி குடித்து முடிக்குமுன் பிடித்துவிடும். சிவலட்சுமி அதற்கு 'மருமகன்' என்று பெயர் வைத்திருந்தாள். "எதைக் கேட்டாலும் ஓம் மாமி, முடிச்சிட்டன் மாமி எண்டு நிக்கும். தெரியாது எண்டு ஒருநாளும் வாயால வராது" என்பாள். மருமகன் வாய்த்த மாமிகளுக்கு அது உடனே விளங்கும்.

இப்படியிருக்கும்போதுதான் நெதர்லாந்திலிருந்து அந்தச் சோதனை வந்தது. ஆஸ்பத்திரியில் நோயாளியின் நரம்புக்குள் மருந்தைச் சொட்டுச் சொட்டாக ஏற்றும் மெஷின் செய்கிற கம்பனி. தாங்கள் வாங்கும் சிப்புகளுக்குள் வேண்டாத எதுவும் ஒளிந்திருக்கிறதா என்று பார்த்துச் சொல்ல ஆள் தேடினார்கள். பல நாடுகளின் ஆய்வுகூடங்களுக்கு ஒரே சாதிச் சிப்பில் இரண்டிரண்டு அனுப்பினார்கள்: பழகிப் பார்க்க ஒன்று, சோதனைக்கு ஒன்று. நன்றாகச் செய்பவர்களுக்கு வருடம் முழுக்க வேலை. கஜேந்தினி ஒளிக்கவில்லை. "இது கிடைக்காட்டில் கடையைப் பூட்ட வேண்டியதுதான் அக்கா" என்று எல்லாருக்கும் முன்னால் சொன்னாள். சிவலட்சுமி அன்று பின்னேரமே குவைத் ஏஜென்சிக்கு போன் போட்டு விசாரித்தாள். வாய் காட்டுகிறவள்தான், ஆனால் இரண்டு பிள்ளைகளைத் தனியே வளர்க்கிறவள்.

சோதனைச் சிப் கையில் வந்ததும் தர்மிளா வேலையை முறைப்படி தொடங்க விரும்பினாள். வெடி எடுக்கும் நிலத்தில் என்றால் முதலில் எல்லையில் சிவப்புத் தடி நட்டுத்தான் தொடங்குவார்கள். பருப்பளவு சாமானில் தடி நட முடியுமா? சிவலட்சுமியின் கைப்பையில் எப்போதும் கியூட்டெக்ஸ் இருக்கும். ஊசி முனையால் தொட்டு ஒரு மூலையில் சிவப்புப் பொட்டு வைத்தார்கள். ஒன்பது பேரும் கை தட்டினார்கள். படம் எடுத்து முடிந்ததும் பொட்டைத் துடைத்துக் கழுவினார்கள். கண்ணுக்குப் போய்விட்டது.

கண்ணுக்குத்தான் போனது.

இரண்டாம் தட்டின் படங்கள் திரையில் வந்த காலை, தர்மிளா தன் சதுரங்களை ஒவ்வொன்றாக வெள்ளையாக்கிக்கொண்டு போய் மூலைக்கு வந்தாள். மூலை கலங்கியிருந்தது. முதலில் கண்ணாடியைத் துடைத்தாள். பிறகு திரையைத் துடைத்தாள். பிறகு விளங்கிவிட்டது. துடைத்த கியூட்டெக்ஸ் முழுதாகப் போகவில்லை. கண்ணுக்குத் தெரியாத ஆடை ஒன்று மிஞ்சி, அந்த மூலையில் மட்டும் மேல் தட்டை அசிட்டிடமிருந்து காப்பாற்றியிருக்கிறது. அந்த மூலைத் தட்டு போகவில்லையே என்று அவர்கள் மேலும் தேய்க்க, கீழே இருந்த தட்டும் சேர்ந்து போய்விட்டது. இனி அந்த மூலையில் என்ன இருந்தது என்று கடவுளுக்குத்தான் தெரியும். பழகத் தந்த சிப் பழகும்போதே சிதைந்துபோனது, வேறு சிப்பும் இல்லை.

உலகத்தில் எத்தனையோ பேர் சிப் பிரிக்கிறார்கள். பாதுகாப்புக்கென்று சிவப்புக் குறி வைத்து, அந்தக் குறியாலேயே சிப்பைப் பழுதாக்கியவர்கள் வன்னியில்தான் இருப்பார்கள். தன்வினை தன்னைச் சுடும் என்பது இதுதான். தர்மிளாவுக்குக் காது சுட்டது.

மருமகனிடம் கேட்டாள். மருமகன் வழக்கம்போல, முடிச்சிட்டன் மாமி என்று நின்றது. பக்கத்துச் சதுரங்களில் கம்பிகள் எப்படி ஓடுகின்றன என்று பார்த்து, கலங்கிய மூலையிலும் அப்படியே ஓடும் என்று தானாகக் கீறி நிரப்பி, 'சுத்தம்' என்று போட்டிருந்தது. நிரப்பியது அவ்வளவு வடிவாக இருந்தது. பார்த்தவர்கள் ஒருவரும் சந்தேகப்பட மாட்டார்கள்.

"பிறகென்ன?" என்றாள் சிவலட்சுமி, தர்மிளாவின் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்து. "அது சொல்லுதுதானே. இந்த மூட்டைப்பூச்சி அளவு இடத்துக்குள்ள ஆர் என்னத்தைக் கொண்டுவந்து புதைக்கப் போறான்? வெள்ளையைப் போட்டுட்டு எழும்பு தர்மிளா."

முழுப் பூசணிக்காயைச் சோற்றுக்குள் மறைப்பதுதான் கஷ்டம். இதை மறைக்கச் சோறே தேவையில்லை. தர்மிளா விரலை வெள்ளைக் குறியின்மேல் வைத்தாள். அமத்தினால் முடிந்தது. ஒன்பது பேருக்கும் வேலை இருக்கும், சிவலட்சுமி குவைத்துக்குப் போகத் தேவையில்லை, 'பொட்டு வையுங்கோ' என்று சொன்ன வாயும் மானத்தோடு தப்பும். இவ்வளவையும் அவள் நினைத்தாள். நினைக்கவில்லை என்று சொன்னால் பொய்.

ஆனால் விரல் அமத்தவில்லை. அதற்குக் காரணம் ஏரம்பு என்ற ஒரு கிழவர்.

பூநகரிப் பக்கத்தில் ஏரம்புவின் வயற்காணியில் அவர்கள் வெடி எடுத்து முடித்து நடந்து காட்டியபோது, ஓர் ஓரத்துப் பனை வடலிப் பற்றை மட்டும் மிச்சம். தர்மிளா அதைச் சுற்றிச் சிவப்புத் தடி நட்டு, அங்கே போகவேண்டாம் என்றாள். கிழவருக்கு வந்ததே கோபம். மழை வரப்போகிறது, உழ வேண்டும், வடலிக்குள் எவன் வந்து வெடி வைத்தான், அரசாங்கத்துக்கே சொல்லுவேன் என்று குதித்தார். தர்மிளா அசையவில்லை. பிறகு வந்து அந்த வடலியைச் சுரண்டிப் பார்த்தபோது அகப்பட்டது ஓட்டை விழுந்த அலுமினியச் சட்டி ஒன்று. அணி முழுதும் விழுந்து விழுந்து சிரித்தது. கிழவர் மட்டும் சிரிக்கவில்லை. முதல் விளைச்சலில் பொங்கி, வாளியில் கொண்டுவந்து தந்துவிட்டுச் சொன்னார்: "அதுக்குள்ள ஒண்டுமில்லைத்தான் பிள்ளை. ஆனா நீ பாத்தபடியாத்தான் எனக்கு இரவில நித்திரை வருது. பேரப்பிள்ளையள் அதுக்குள்ளதான் விளையாடுதுகள்."

தர்மிளா எழுந்து கஜேந்தினியின் அறைக்குப் போனாள்.

"மிஸ், ஒரு மூலையைப் பழுதாக்கிப் போட்டன். கியூட்டெக்ஸ் வைக்கச் சொன்னது நான்தான். மற்றவையில பிழையில்லை" என்றாள். கதவடியில் நின்றபடியே முழுவதையும் சொன்னாள்.

கஜேந்தினி தன் மேசைத் திரையில் அந்த மூலையைத் திறந்தாள். தன் மென்பொருள் கீறிய கம்பிகளை நெடுநேரம் பார்த்தாள். அதை எழுத அவள் எத்தனை வருடம் மினக்கெட்டாள் என்று தர்மிளாவுக்குத் தெரியும்.

"என்ரை கணக்கின்படி இது சரியாத்தான் இருக்கும் அக்கா. நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது சரி" என்றாள்.

"இருக்கும் மிஸ். நானும் அப்பிடித்தான் நினைக்கிறன்."

"சிவப்பு வைச்சு அனுப்பினால், தங்களுக்குத் தந்த சிப்பைத் தாங்களே பழுதாக்கிற ஆக்கள் எண்டு அவை நினைப்பினம். நாங்கள் வெளியிலதான் நிப்பம்."

"ஓம்."

"அறிக்கையில கையெழுத்து உங்கடை. நீங்கள் சொல்லுங்கோ, என்ன செய்வம்?"

அறைக்கு வெளியே ஒன்பது பேரும் வேலையை நிறுத்திவிட்டுக் காது கொடுத்துக்கொண்டிருப்பது தர்மிளாவுக்குத் தெரியும். "நான் பாக்காத இடத்தில ஒருத்தரையும் நடக்கவிட்டதில்லை மிஸ்" என்றாள். "இது ஆரோ ஒராளின்ரை நரம்புக்குள்ள மருந்து ஏத்திற சாமான். தொண்ணூற்றொன்பது எண்டு சொல்லி என்னாலை வெள்ளைத் தடி நடேலாது."

கஜேந்தினி குனிந்து, தன் மென்பொருள் நிரப்பிய கம்பிகளைத் தன் கையாலேயே அழித்தாள். மூலை திரும்பவும் கலங்கலாக வந்தது. "குறியை நீங்களே வையுங்கோ" என்றாள். தர்மிளா சிவப்பை வைத்தாள். கீழே, 'மற்ற எல்லாம் பார்த்தோம், சுத்தம். இந்த மூலையை எங்கள் பிழையால் பழுதாக்கிவிட்டோம், பார்க்கவில்லை. இதை நம்பி யாரும் போகவேண்டாம்' என்று அவள் சொல்ல, கஜேந்தினி ஆங்கிலத்தில் எழுதினாள். வெளியே சிவலட்சுமி பெரிதாக ஒரு மூச்சு விட்டது கேட்டது.

அறிக்கை போனபின் வந்த நாட்களில் கட்டடத்தில் கதை குறைந்துவிட்டது. யாரும் தர்மிளாவைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் பரவாயில்லை என்று அவளுக்கு இருந்தது. சிவலட்சுமி நகத்தில் கியூட்டெக்ஸ் பூசுவதை நிறுத்திவிட்டாள். அதுதான் எல்லாவற்றிலும் பெரிய தண்டனையாகத் தெரிந்தது.

பிறகு ஒருநாள் மத்தியானம் நெதர்லாந்திலிருந்து வீடியோ அழைப்பு வந்தது. ஹென்றிக் என்று ஒருவர், நரைத்த தாடி, கம்பனியின் பெரிய இஞ்சினியர். 'எல்லாரையும் கூப்பிடுங்கள்' என்றார். பத்துப் பேரும் திரைக்கு முன்னால் நெருக்கியடித்து நின்றார்கள். கஜேந்தினி இரண்டு பக்கமும் மொழிபெயர்த்தாள்.

"உங்கள் மென்பொருள் அந்த மூலையை நிரப்பியிருக்குமே. ஏன் அழித்தீர்கள்?" என்பதுதான் அவருடைய முதல் கேள்வி.

"பாக்கேல்லை. அதாலை அழிச்சனாங்கள்" என்றாள் தர்மிளா. வேறு என்ன சொல்வது?

அவர் சிரித்தார். பிறகு நிதானமாகச் சொன்னார். இந்தச் சோதனையில் அவர்கள் எதையும் ஒளித்து வைக்கவில்லையாம், சிப் சுத்தமானதாம். இரண்டு ஆய்வுகூடங்கள் இல்லாத பிசாசைக் கண்டுபிடித்து அனுப்பியிருந்தனவாம். மற்றவை முழுச் சிப்பும் சுத்தம் என்று அனுப்பியிருந்தன. "இந்த வேலையில் எங்கேயாவது ஒரு தூசி விழாமல், ஒரு கீறல் படாமல், ஒரு மூலை பழுதாகாமல் சிப் பிரிக்க முடியாது. எனக்கும் முடியாது. ஆனால் இத்தனை வருடத்தில் பழுதான இடத்தைச் சிவப்பில் கீறி எனக்கு அனுப்பியவர்கள் நீங்கள் மட்டும்தான். மற்றவர்களின் மூலைகள் எங்கே என்று நான் இனித் தேட வேண்டும். உங்களுடையதைத் தேடத் தேவையில்லை." வருட வேலை கிளிநொச்சிக்கு என்றார். இனித் தங்களுக்கு வேலை செய்யும் எல்லா ஆய்வுகூடங்களும் பார்க்காத இடத்தைச் சிவப்பில் கீற வேண்டும் என்று விதி எழுதிவிட்டதாகவும் சொன்னார்.

கஜேந்தினிக்கு அதை மொழிபெயர்க்க முடியவில்லை. பாதியில் குரல் உடைந்தது. விளங்கியமட்டும் போதும் என்று சிவலட்சுமி கூவினாள்.

ஹென்றிக் கடைசியாக ஒன்று கேட்டார். கேலியில்லாமல், உண்மையாகவே அறிய விரும்பிக் கேட்டார். "இன்னும் சில வருடங்களில் இயந்திரங்களே இதை முழுக்கச் செய்யும். சிப்பைப் பிரிப்பதும் அவைதான், படிப்பதும் அவைதான். அப்போது நீங்கள் என்ன செய்வீர்கள்?"

ஒன்பது பேரும் தர்மிளாவைப் பார்த்தார்கள்.

"நாங்கள் மிதிவெடி எடுத்த காலத்தில, அதைத் தேடுற நல்ல டிடெக்டர் வந்தநேரமும் எங்களை இப்பிடித்தான் கேட்டவை" என்றாள் அவள். "டிடெக்டர் வந்தது நல்லதுதான், வேலை கெதியா முடிஞ்சுது. ஆனா காணி குடுக்கிற அண்டைக்கு டிடெக்டரை நடக்கச் சொல்லி ஒருத்தரும் கேக்கேல்லை. எங்களைத்தான் கேட்டவை. மெஷின் பாக்கட்டும். முன்னுக்கு நடந்து காட்ட ஒராள் வேணும்தானே. அது நாங்கள்."

கஜேந்தினி இதை ஒரு சொல் விடாமல் மொழிபெயர்த்தாள். இம்முறை குரல் உடையவில்லை. திரைக்கு அந்தப் பக்கத்தில் அந்த மனிதர் எழுந்து நின்றார். பழக்கமில்லாமல், கை கூப்பினார். தர்மிளாவின் நெஞ்சுக்குள் ஏதோ பெரிதாக எழும்பி நின்றது. மறைக்க அவள் முயலவில்லை. மறைக்க வேண்டிய விசயம் அல்ல அது.

முதல் பொதியில் பெரிய வேலைகளோடு தனியாக இன்னொரு சிப்பும் வந்தது. சோதனைக்கு வந்த அதே சாதி. 'அந்த மூலைக்காக' என்று ஹென்றிக் எழுதியிருந்தார். மற்றதெல்லாம் பிறகு என்று சொல்லிவிட்டு தர்மிளா அதையே முதலில் எடுத்தாள். கியூட்டெக்ஸ் போத்தல் கைப்பையோடு வாசலுக்கு வெளியே வைக்கப்பட்டது. சிவலட்சுமியின் பத்து நகமும் மட்டும் முன்னைவிடச் சிவப்பாக, கையுறைக்குள் இருந்தன. தட்டுத் தட்டாகத் தேய்த்து, படம் எடுத்து, மூலைக்கு வந்தார்கள். தர்மிளா ஒவ்வொரு கம்பியாகப் பிடித்துக்கொண்டு போனாள். சிவலட்சுமி பின்னாலிருந்து இரண்டாவது தரம் பிடித்தாள். மருமகன் நிரப்பியது அச்சொட்டாகச் சரி.

தர்மிளா சிவப்பை எடுத்துவிட்டு வெள்ளையை வைத்தாள். எழும்பி நின்றாள். ஏனென்று தெரியாமல் செருப்பைக் கழற்றிவிட்டிருந்தாள்.

"என்ன இருந்தது அக்கா?" என்று கஜேந்தினி அறைக்குள்ளிருந்து கூப்பிட்டுக் கேட்டாள்.

"ஒண்டுமில்லை!" என்றாள் தர்மிளா.

ஒண்டுமில்லை என்ற சொல்லை அவ்வளவு பெருமையோடு கிளிநொச்சியில் வேறு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.